காஸ் உலையில் இரும்பு ஒட்ட: வாசகர் கேள்வி – பதில்

சுன்னாகம் வாசகர்: சிரட்டைக்கரி உலையில் கோடரி வாய்க்கு உருக்கு வைத்து, பழுக்கக் காய்ச்சி அடித்து ஒட்டி வருகிறோம். இனி காஸ் உலை அமைக்க யோசனை. பழைய கொம்பிரசர் தாங்கி ஒன்று கிடக்கிறது. விட்டம் 30 செ.மீ., நீளம் 45. என்ன பேர்னர் பொருந்தும்? காற்றூதும் புளோவர் தேவையா?

பேர்னரை விடுங்கள், முதலில் உலையின் வயிற்றை அளவெடுங்கள். சுவருக்குச் சூடு காக்கும் செராமிக் கம்பளி 5 செ.மீ., அதன்மேல் நெருப்பைத் தாங்கும் தீச்சாந்து 1 செ.மீ. வந்தால் உள்விட்டம் 18 ஆகச் சுருங்கும். பின்சுவர் போக நீளம் 39. கொள்ளளவு ஏறக்குறைய 10 லீற்றர். முக்கால் அங்குலப் பேர்னர் ஒன்று ஒட்டுச்சூட்டுக்கு, அதாவது அடித்தால் இரும்பு ஒட்டிக்கொள்ளும் சூட்டுக்கு, ஏற்றக்கூடியது ஐந்தரை லீற்றர் மட்டில்தான். பத்து லீற்றரிலும் இரும்பு சிவக்கும், கத்தி அடிக்கலாம். ஒட்டு மட்டும் பிடிக்காது. மென்னிரும்பு 1,250 பாகை செல்சியசைத் தாண்ட வேண்டும். இரண்டாவது பேர்னர் வாங்காமல், தாங்கியை வெட்டி உள்நீளத்தை 22 ஆக்குங்கள். காசும் மிச்சம், காஸும் மிச்சம்.

புளோவர் வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம். கரண்ட் நின்றால் காற்று நிற்கும், காஸ் நிற்காது. அதை மறிக்கத் தனி வால்வு பூட்ட வேண்டும். புளோவர் இல்லாமல் தானாகக் காற்றிழுக்கும் பேர்னருக்கு எதிரி சோளகக் (தென்மேற்குக்) காற்று. காற்று வரும் பக்கம் ஒரு தகரம் மறைத்தால் போதும்.

செய்வதென்றால்: 1 அங்குலத்திலிருந்து முக்காலுக்குக் குறையும் ‘ரி’ இணைப்பு, முக்கால் அங்குலக் குழாய் 6 அங்குலம், முனையில் துருப்பிடிக்காத உருக்கில் சற்று விரிந்த வாய். காஸ் பீறிடும் துளையான ஜெற்றுக்கு, 0.9 மி.மீ. கம்பிக்கான மிக் வெல்டிங் ரிப் (முனை). அந்த ரிப் குழாயின் நட்ட நடுவைப் பார்க்க வேண்டும். ஒரு மில்லிமீற்றர் சரிந்தாலும் சுவாலை ஒருபக்கம் சாயும். சூடேறும் இடத்தில் நாகம் (சிங்க்) பூசிய ஜி.ஐ. குழாய் கூடவே கூடாது, அதன் புகை நஞ்சு.

மானிப்பாய் வாசகர்: வீட்டு அடுப்பின் றெகுலேற்றரை இதற்குப் பாவிக்கலாமா?

முடியாது. அது தரும் அமுக்கம் ஏறக்குறைய 0.03 பார். உங்களுக்கு 0 முதல் 2 பார் வரை திருப்பக்கூடிய, மானி பூட்டிய றெகுலேற்றர் வேண்டும். பற்றவைக்க 0.3, ஒட்டும்போது 0.7 முதல் 1 பார். குழாயும் அந்த அமுக்கத்தைத் தாங்கும் காஸ் குழாயாக இருக்கட்டும். மூட்டுகளைச் சவர்க்கார நுரையால் சோதியுங்கள். எரியும் கடதாசியை உலைக்குள் வைத்த பிறகே காஸைத் திறக்க வேண்டும்.

சாவகச்சேரி வாசகர்: உலை மஞ்சள் வெள்ளையாகப் பழுக்கிறது. ஆனாலும் ஒட்டு பிரிகிறது, துண்டில் கருஞ்செதில் எழும்புகிறது.

காற்று கூடிவிட்டது. சூடு போதும், ஆனால் மிஞ்சிய ஒட்சிசன் இரும்பை எரித்துச் செதிலாக்குகிறது. பேர்னர் காற்றிழுக்கும் வாயிலுள்ள காற்று மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடி, உலை வாயில் விரலளவு செம்மஞ்சள் நாக்கு எட்டிப் பார்க்கும்வரை கொண்டு வாருங்கள். முழ நீளத்துக்கு நீண்டால் காஸ் வீண்; காபன் மொனொட்சைட்டும் கூடும். எப்படியும் கதவு, யன்னல் திறந்திருக்கட்டும்.

துண்டுகளை உரைத்து மினுங்க வையுங்கள். செம்மை ஏறியதும், செதிலைக் கரைக்கும் வெங்காரம் (போராக்ஸ்) தூவி மறுபடி உள்ளே தள்ளுங்கள். மேற்பரப்பு உருகிய நெய் போலத் ததும்பும்போதும் அவசரப்படாதீர்கள்: உட்புறச் சூடு வெளிச்சூட்டை எட்டவேண்டும், தடித்த துண்டுக்கு இன்னும் சில நிமிடம். மெல்லிய கம்பியால் தொட்டுப் பாருங்கள்; ஒட்டி இழுபட்டால் சூடு வந்துவிட்டது. முதல் அடிகள் இலேசாகவும் விரைவாகவும் இருக்கட்டும். ஓங்கி அடித்தால் துண்டுகள் வழுக்கி விலகும்.

வெங்காரம் சிந்திய இடத்தில் வெறும் கம்பளி கரைந்து குழி விழும். சாந்து பூசச் சொல்வது இதற்காகவும், கம்பளித் தூசு நெஞ்சுக்குள் போகாமலிருக்கவும்தான். கம்பளி வெட்டும்போது என் 95 முகமூடி அணியுங்கள்.

பருத்தித்துறை வாசகர்: ‘டப் டப்’ என்று நெருப்பு குழாய்க்குள் திரும்புகிறது. சிலிண்டரிலும் பனி பிடிக்கிறது.

பேர்னர் வாய் உலைக்குள் நீட்டிக்கொண்டு செக்கச்சிவந்தால் நெருப்பு பின்னுக்கு ஏறும். அதைச் சுவருக்குள் 1 செ.மீ. உள்வாங்கிப் பூட்டுங்கள். அமுக்கம் மிகக் குறைந்தாலும் இதே சத்தம்தான். காஸை நிறுத்தியவுடன் காற்று மூடியை முழுக்க மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் உலை வெக்கை பேர்னர் வழியாகவே மேலேறி ஜெற்றைச் சுடும்.

பனி, சிலிண்டர் ஆவியாக்கக்கூடியதைவிட வேகமாகக் காஸை இழுப்பதால் வருவது. அமுக்கமும் இறங்கும், ஒட்டுச்சூடும் தவறும். சிலிண்டரைச் சாதாரண நீருள்ள தொட்டியில் நிறுத்துங்கள், அல்லது இரண்டை இணைத்து எடுங்கள். சுடுநீர் ஊற்றவோ நெருப்புக் காட்டவோ கூடாது.