கரியைக் கழுவிவிட்டோம், இழப்பீடு போய்விடுமா?

கேள்வி: காவேரிப்பட்டணம் அருகே சொந்த வீடு. கேஸ் டியூப் கசிந்து சமையலறையில் தீப்பிடித்தது. தீயணைப்பு வண்டி வந்து அணைத்தது. கரி நெடியில் மாமியாருக்கு மூச்சுத் திணறல். அதனால் மறுநாளே சொந்தக்காரர்கள் சேர்ந்து சுவரைத் தேய்த்துக் கழுவி, எரிந்த சாமான்களைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டார்கள். அன்றே இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போனில் சொன்னோம். சேதத்தை மதிப்பிட கம்பெனி அனுப்பி ஆறாம் நாள் வந்த சர்வேயர், "பார்க்க எதுவுமே இல்லையே" என்றார். வீட்டுக் கடனோடு எடுத்த பாலிசி. இப்போது கிளைம் நிராகரிப்பு என்று கடிதம் வந்திருக்கிறது.

பதில்: கழுவியதற்காக நீங்கள் குற்றவாளி போல நிற்க வேண்டாம். சேதம் மேலும் பெருகாமல் பார்த்துக்கொள்வது பாலிசிதாரரின் கடமை. மூச்சுத் திணறும் பெரியவரை வைத்துக்கொண்டு ஆறு நாள் கரியோடு காத்திருங்கள் என்று யாரும் சொல்ல முடியாது. நீங்கள் உடனே தகவல் சொல்லியிருக்கும்போது, தாமதமாக வந்ததற்கு கம்பெனிதான் பதில் சொல்ல வேண்டும். அந்தப் போன் அழைப்பின் பதிவை அழிக்காதீர்கள்.

சாட்சியங்கள் எல்லாம் போய்விடவில்லை. தீயணைப்பு நிலையத்தில் தீ விபத்து அறிக்கைக்கு எழுதிக் கொடுங்கள். அணைக்கும்போது அக்கம்பக்கத்தார் செல்போனில் எடுத்த படங்களை வாங்குங்கள். இரும்புக் கடைக்காரரிடம் எடை போட்ட சீட்டு இருக்கும். வீட்டையும் நிமிர்ந்து பாருங்கள்: சூடு பட்ட மின்விசிறியின் இறக்கை வாழையிலை போலத் தொங்கும், தளத்தில் காரை பெயர்ந்து கம்பி தெரியும். தேங்காய் நாரால் தேய்த்தாலும் இவை போகாது. ஒரு சிவில் இன்ஜினியரிடம் சேத மதிப்பீடு எழுதி வாங்குங்கள். உங்களுடையது 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற வீட்டுக் காப்பீட்டுப் பாலிசியாக இருந்தால், இன்ஜினியர் கட்டணத்துக்குக் கிளைம் தொகையில் 5 சதவீதம் வரையும், இடிபாடு அகற்ற 2 சதவீதம் வரையும் கேட்கலாம்.

சர்வேயர் அறிக்கையே இறுதி முடிவல்ல என்று உச்ச நீதிமன்றம் 2009-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்த அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

பலர் கோட்டை விடும் இன்னொரு விஷயம். பதிவு செய்த முகவரியில் கேஸ் சிலிண்டரால் விபத்து நடந்தால், எண்ணெய் நிறுவனங்கள் எடுத்திருக்கும் காப்பீட்டில் பொருள் சேதத்துக்கு 2 லட்சம் ரூபாய் வரை வழியுண்டு. கேஸ் ஏஜென்சிக்கு இன்றே கடிதம் கொடுத்து, கையெழுத்தும் முத்திரையும் போட்ட நகல் வாங்குங்கள். டியூபின் மிச்சத் துண்டு, ரெகுலேட்டர் இருந்தால் பத்திரம். ஆனால் ஒரே சேதத்துக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்க முடியாது. பாலிசி கட்டடத்துக்கு மட்டும் என்றால், பொருள்களுக்கு இதைக் கேளுங்கள்.

அடுத்து, கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது மறுபடியும் நிராகரிப்பு என்றால், சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன்) ஓராண்டுக்குள் போகலாம். கட்டணமில்லை, வக்கீலும் தேவையில்லை. நுகர்வோர் ஆணையம் என்றால் 2 ஆண்டு அவகாசம். வழக்கை உங்கள் மாவட்டத்திலேயே போடலாம். அங்கே வழக்கு நடக்கும்போது குறைதீர்ப்பாளர் மனுவை ஏற்கமாட்டார், எனவே முதலில் அவரிடம் போவதே நல்லது.

நடுவில் ஏதோ ஒரு தொகையைக் காட்டி, 'முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். பெயின்ட் அடிக்க ஆள் பேசியிருந்தால் ஒரு வாரம் நிறுத்திவையுங்கள். இன்ஜினியர் வந்து ஒவ்வொரு அறையையும் படம் எடுத்த பிறகு, சரி, அடித்துக்கொள்ளுங்கள்.