வீட்டுக்குள் பவுடர் தீயணைப்பான்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: விற்க வந்தவர் திறந்தவெளியில் ஒரு தட்டில் பெட்ரோலை ஊற்றிக் கொளுத்தினார். பவுடரை அடித்ததும் கண் மூடித் திறப்பதற்குள் தீ அணைந்தது. கூடத்துக்கு ஒன்று, படுக்கையறைக்கு ஒன்று வாங்கிவிட்டேன். சரிதானே?

பதில்: அவர் காட்டியது உண்மைதான். ஆனால் உங்கள் கூடத்தைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை. இந்தச் செய்முறை விளக்கங்கள் மேல் எனக்கு நெடுநாள் கோபம் உண்டு, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

தட்டில் எரிவது பெட்ரோலின் மேற்பரப்பிலிருந்து எழும் ஆவி. அங்கே அணைக்க வேண்டியது சுவாலை ஒன்றைத்தான். பவுடருக்கு நன்றாக வருகிற வேலையும் அதுதான்: சுவாலைக்குள் நடக்கும் வேதிவினைத் தொடரை அறுத்துவிடும். சோபா அப்படியில்லை. மேலே துணி, உள்ளே பஞ்சு. நெருப்பு உள்ளே இறங்கிக் கனன்றுகொண்டே இருக்கும். ஏபிசி பவுடரில் (கட்டை, துணி போன்ற திடப்பொருள், எரியும் திரவம், எரிவாயு மூன்றின் தீக்கும் ஆனது) உள்ள மோனோ அமோனியம் பாஸ்பேட் சூட்டில் உருகி, எரிகிற பரப்பின் மேல் படலமாகப் படியும். கட்டைக்கும் காகிதத்துக்கும் அது நல்ல காப்பு, ஆனால் பட்ட இடத்தில் மட்டும். பவுடர் சூட்டைத் தணிப்பது மிகக் குறைவு. படலம் எட்டாத பஞ்சில் சூடு அப்படியே தங்கி, சற்று நேரத்தில் மறுபடி புகைய ஆரம்பிக்கும். அப்போது உங்கள் கையில் இருப்பது காலி சிலிண்டர். ஒரு கிலோ சிலிண்டர் விடாமல் அடித்தால் பத்து நொடி தாங்குவதே கடினம்.

அடுத்தது, கண் மறைப்பது. வெளியில் அடித்தால் பவுடர் காற்றோடு போய்விடும். மூடிய அறையில் அது எங்கே போகும்? முதலில் எதிர்ச்சுவர் மறையும், அப்புறம் நெருப்பு இருக்கும் இடம் மறையும், அப்புறம் நீங்கள் உள்ளே வந்த கதவும் தெரியாது. இருமல் வேறு வரும். பிரிட்டனின் தரநிலையான பிஎஸ் 5306, எட்டாம் பகுதியின் 2012 பதிப்பிலேயே, கட்டடத்துக்குள் பவுடரைப் பொதுவாகப் பரிந்துரைக்க வேண்டாம் என்றது. அபாயத்தை மதிப்பிட்டு, அதற்கு வழி செய்த பிறகு மட்டும் வைக்கலாம் என்றது. திடீரென்று பார்வை மறைவதும் மூச்சு முட்டுவதும்தான் அதற்குக் காரணம். விற்க வருகிறவர்களில் எத்தனை பேர் இதைச் சொல்கிறார்கள்? மூடிய அறையில் சோபாவைக் கொளுத்தி அணைத்துக் காட்டச் சொல்லுங்கள், ஒருவரும் முன்வர மாட்டார்கள்.

வாங்கியதைத் தூக்கிப் போட வேண்டாம். வெளியேறும் கதவருகே மாட்டுங்கள். அடிக்கும்போது கதவு உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். துணியும் மெத்தையும் நிறைந்த அறைக்கு, தண்ணீரை நுண்துளியாகத் தூவும் வகை பொருத்தம். அருகில் மின்கருவி இருந்தால், மின்சாரத்துக்கு அருகே பயன்படுத்தச் சோதிக்கப்பட்டது என்று அதன் மேல் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: சிலிண்டரில் 13ஏ, 89பி என்று போட்டிருக்கிறது. எண் பெரிதாக இருந்தால் எந்தத் தீக்கும் போதும்தானே?

பதில்: போதாது. இவை இஎன் 3 என்ற ஐரோப்பியத் தரநிலையின் சோதனை அளவுகள். 13ஏ என்றால் 1.3 மீட்டர் நீளத்துக்கு அடுக்கிய மரக்கட்டைகளின் தீ. 89பி என்றால் தட்டில் 89 லிட்டர் திரவம். அதில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி எரிபொருள். அணைக்கிறவர் பழகிய கை. எண்களை ஒப்பிட்டு வாங்குங்கள், அதற்குத்தான் அவை. சோபாவுக்கென்று ஓர் எண் கிடையாது.

கேள்வி: வாணலியில் எண்ணெய் பற்றிக்கொண்டது. பவுடர் அடித்ததும் அணைந்து, உடனே மறுபடி பற்றியது. போலிச் சரக்கை விற்றுவிட்டார்களா?

பதில்: போலியாக இருக்க வேண்டியதில்லை. தானாகவே பற்றிக்கொள்ளும் அளவுக்கு எண்ணெய் சூடாகிவிட்டால், பவுடர் சுவாலையைத்தான் நிறுத்தும். எண்ணெய் ஆறாது, பவுடர் அடங்கியதும் மறுபடி எரியும். பவுடர் சீறும் வேகத்தில் எரியும் எண்ணெய் வெளியே சிதறவும் கூடும். நீங்கள் காயமில்லாமல் தப்பியது பெரிய விஷயம். உங்களிடம் அடுப்படிக்கென்று சொல்லி விற்றிருந்தால், விற்றவர் மேல்தான் தவறு. அடுப்பை அணையுங்கள், மூடியைப் பக்கவாட்டில் தள்ளி மூடுங்கள், நன்றாக ஆறும்வரை திறக்காதீர்கள். தண்ணீர் கூடவே கூடாது. சமையலறைக்கு 'எஃப்' வகை என்று குறித்ததைத் தேடுங்கள். சில நாடுகளில் அதையே 'கே' என்பார்கள். அதிலுள்ள கரைசல் சூடான எண்ணெயின் மேல் சோப்புப் படலமாக மூடி, எண்ணெயை ஆறவும் வைக்கும்.

கேள்வி: வேலை செய்கிறதா என்று கொஞ்சமாக அடித்துப் பார்த்தேன். நன்றாக வந்தது. திரும்ப மாட்டிவிட்டேன்.

பதில்: உடனே கழற்றுங்கள். வால்வில் பொடி சிக்கி அழுத்தம் கசிந்துவிடும். ரீஃபில் செய்யுங்கள், இல்லையேல் புதிது வாங்குங்கள்.

கேள்வி: பல வருடங்களாகச் சுவரில் தொங்குகிறது, முள் பச்சையில்தான் நிற்கிறது. பெரிய பிராண்ட் வேறு. அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: முள்ளை மட்டும் பார்த்துவிட்டு எனக்கு எழுதியிருக்கிறீர்கள். முள் அழுத்தத்தைக் காட்டும், பொடியைக் காட்டாது. புதிது என்று எனக்கு விற்கப்பட்ட ஒரு சிலிண்டரில் முள் பச்சையின் நடுவில் நின்றது. வெளியில் வைத்து அழுத்தினால் வெறும் காற்று சீறியது, குழாய் நுனியில் வெள்ளையாகக் கொஞ்சம் தூசி, அவ்வளவுதான். பொடி அடியில் கல்லாக இறுகியிருந்தது. தயாரிப்பு ஆண்டின் மேல் ஒட்டியிருந்த புது ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டியதும் பழைய ஆண்டு தெரிந்தது.

பிராண்டும் காப்பாற்றாது. 2017 நவம்பரில் அமெரிக்காவிலும் கனடாவிலும் கிட்டெ நிறுவனம் ஏறக்குறைய 4 கோடி தீயணைப்பான்களைத் திரும்பப் பெற்றது. அடைத்துக்கொள்ளலாம், அவசரத்தில் பொடி வராமல் போகலாம் என்பதுதான் குறை. அவற்றில் சில மாடல்கள் 1973இலிருந்தே தயாரானவை. உங்கள் சிலிண்டரின் ஆண்டு, மாடல் எண் இரண்டையும் இன்றே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சார்ஜ் போட்ட மின்சைக்கிள் பேட்டரி தீப்பிடித்தால் பவுடர் உதவுமா?

பதில்: சுற்றியுள்ள சுவாலையை அடக்கலாம். பேட்டரிக்குள் ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குத் தாவும் சூட்டை நிறுத்தாது. கதவைச் சாத்திவிட்டு வெளியேறி, தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: சர்வீஸ் செய்ய வந்தவர் சிலிண்டரைக் கழற்றவே இல்லை. சீட்டில் தேதியை மட்டும் எழுதிவிட்டுப் பணம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். வயதான எங்கள் இருவருக்கும் ஒன்றும் புரியவில்லை.

பதில்: உங்களை ஏமாற்றிவிட்டார்கள், இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. சிலிண்டரை எடை போட வேண்டும், உடம்பில் அச்சிட்ட எடையோடு ஒப்பிட வேண்டும். குழாயில் அடைப்பு, வெடிப்பு இருக்கிறதா, கைப்பிடியைப் பூட்டும் 'பின்' ஊசியும் அதன் சீலும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இதில் ஒன்றையாவது அவர் செய்தாரா? ரசீதும் சீட்டும் பத்திரமாக இருக்கட்டும். என்னென்ன செய்தார் என்று எழுதித் தரும்படி அந்த நிறுவனத்துக்குக் கடிதம் போடுங்கள். தராவிட்டால் அந்தக் கடிதத்தின் நகலோடு நுகர்வோர் குறைதீர் அமைப்புக்குப் போங்கள். சீட்டை எனக்கும் அனுப்புங்கள், கடிதத்தை நானே எழுதித் தருகிறேன்.