தூக்கச் சொல்லி அழும் பிள்ளை, நிற்காத வாந்தி: ஒன்பதாவது வாரத்தில் என்ன செய்வது?

கேள்வி: எனக்கு 5 வயதில் மகள், 2 வயதில் மகன். மீண்டும் கர்ப்பமாக இருக்கிறேன், 9 வாரம் ஆகிறது. நாள் முழுக்க வாந்தி. போன வாரம் சின்னவனைத் தூக்கி இடுப்பில் வைத்திருந்தேன். மறுநாள் லேசாக உதிரம் பட்டது. ஸ்கேன் எடுத்தார்கள். கரு கர்ப்பப்பையில்தான் இருக்கிறது, இதயத்துடிப்பும் இருக்கிறது, பெட் ரெஸ்ட் எடுங்கள் என்றார்கள். கணவர் காலையில் வேலைக்குப் போனால் இரவுதான் வருவார். தெரிந்தவர் மூலம் ஓர் ஆள் வந்தார். வீட்டுக்கே நர்ஸை அனுப்பித் தினமும் க்ளூகோஸ் ஏற்றுவார்களாம், கரு நிற்க வாரம் ஒரு ஹார்மோன் ஊசி போடுவார்களாம், மூன்று மாதத்துக்கும் சேர்த்து முன்பணம் கட்ட வேண்டுமாம். நான் தூக்கியதால்தான் இப்படி ஆனதா? பணத்தைக் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். காரணத்தைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன். முதலில் உங்கள் மனதை அரித்துக்கொண்டிருக்கும் கேள்விக்கு வருகிறேன்.

நீங்கள் பிள்ளையைத் தூக்கியதால் உதிரம் படவில்லை. முதல் மூன்று மாதங்களில் உதிரம் படுவது நான்கு கர்ப்பங்களில் ஒன்றில் நடக்கிறது. பிள்ளையே இல்லாத வீட்டில், எதையும் தூக்காத பெண்ணுக்கும் நடக்கிறது. ஆரம்பத்திலேயே கலைந்துபோகும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் குரோமோசோம் கோளாறு. அது கரு உருவாகும்போதே தீர்மானமாகிவிடுகிறது. அதற்கு அப்புறம் நீங்கள் எழுந்தீர்களா, குனிந்தீர்களா, பிள்ளையை இடுப்பில் வைத்தீர்களா என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. உதிரம் பட்ட பிறகு எடுத்த ஸ்கேனில் இதயத்துடிப்பு தெரிந்தால் பெரும்பாலான கர்ப்பங்கள் நல்லபடியாகவே தொடர்கின்றன. இதை உங்கள் கணவரும் வீட்டுப் பெரியவர்களும் படிக்கட்டும். "நீ ஏன் தூக்கினாய்?" என்ற கேள்வி இனி அந்த வீட்டில் வரக்கூடாது.

பெட் ரெஸ்ட் விஷயத்துக்கு வருவோம். எனக்குக் கோபம் வரும் இடம் இது. அந்தச் சீட்டை எழுதியவருக்கு முன்னால் உங்கள் சின்னவன் மேசையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றிருப்பான். "இவனை யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். படுக்கையிலேயே கிடந்தால் கருச்சிதைவு தடுக்கப்படும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆய்வு செய்து பார்த்தாகிவிட்டது, பலன் தெரியவில்லை. ஆனாலும் பழக்கம் விடவில்லை. எழுதுவதற்கு இரண்டு வார்த்தை, அடுத்தவரை உள்ளே கூப்பிட்டுவிடலாம். கர்ப்பத்தில் இரத்தம் உறையும் தன்மை எப்படியும் கூடுதலாக இருக்கும். வாந்தியால் உடலில் நீர் வற்றியிருக்கும்போது அசையாமல் படுத்தே இருந்தால் காலின் இரத்தக் குழாயில் இரத்தம் கட்டிக்கொள்ளும் ஆபத்து இன்னும் ஏறும். அதனால் களைத்தால் படுங்கள், முடிந்தால் எழுந்து வீட்டுக்குள் நடங்கள். இதற்குப் பெயர்தான் ஓய்வு.

சின்னவனைத் தூக்கலாமா? தூக்கலாம். ஆனால் வாந்தி எடுத்துத் தலை சுற்றும்போது தூக்கினால் இருவரும் சேர்ந்து விழுவீர்கள். நான் பயப்படுவது அதற்குத்தான். நீங்கள் தரையிலோ தாழ்வான இருக்கையிலோ உட்கார்ந்துகொண்டு, அவனாகவே மடியில் ஏறப் பழக்குங்கள். இரண்டு வயதுப் பிள்ளை கையைத் தூக்கிக்கொண்டு அழுவது உயரத்துக்காக அல்ல, உங்கள் நெஞ்சில் சாய்ந்துகொள்ளத்தான். டயாப்பரையும் தரையிலேயே மாற்றுங்கள். அந்த வாடை வாந்தியைக் கிளப்பும் என்று தெரியும். ஜன்னலைத் திறந்துவைத்து, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு மாற்றுங்கள். அப்புறம் சோப்பு போட்டுக் கையை நிதானமாகக் கழுவுங்கள். அவன் எச்சில் பட்ட கரண்டியை, மிச்சம் வைத்த சாப்பாட்டை நீங்கள் வாயில் வைக்க வேண்டாம். சின்னப் பிள்ளைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் இருக்கக்கூடிய சைட்டோமெகலோ என்ற வைரஸ் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கக்கூடியது. இவ்வளவு கவனம் போதும், பிள்ளையைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையில் உறுத்துவது வாந்திதான். உதிரத்துக்கு ஸ்கேன் எடுத்தவர்கள் வாந்திக்கு என்ன கொடுத்தார்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. ஒன்றும் கொடுத்திருக்க மாட்டார்கள். மசக்கை என்றால் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள் என்று அனுப்பிவிடுவது இன்றும் நடக்கிறது. சாதாரண மசக்கை 9-வது வார வாக்கில் உச்சத்துக்குப் போய், பலருக்கு 16 முதல் 20 வாரத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் கர்ப்பத்துக்கு முன் இருந்த எடையில் 5 சதவீதம் குறைந்துவிட்டால், அதாவது 60 கிலோ இருந்தவர் 57-க்கு இறங்கிவிட்டால், அதை மசக்கை என்று விட்டுவிட முடியாது. அது தனி நோய், அதற்கு வைத்தியம் உண்டு. கருவிலிருந்து வரும் ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோனுக்குச் சில பெண்களின் உடல் அதிகமாக எதிர்வினை காட்டுவதற்கும் இந்த வாந்திக்கும் தொடர்பு இருப்பதை 2023-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. மனபலம் இல்லாததால் வருகிறது என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

கர்ப்பத்தில் மாத்திரையா என்று பயப்படுவீர்கள். தாலிடோமைடு என்ற மருந்தால் பிள்ளைகள் குறையோடு பிறந்து, அது 1961-இல் திரும்பப் பெறப்பட்ட பிறகு வந்த பயம் இது. அந்தப் பயம் நியாயமானது, ஆனால் அது எல்லா மருந்துக்கும் பொருந்தாது. மசக்கை வாந்திக்குக் கொடுக்கும், டாக்ஸிலமைனும் வைட்டமின் பி6-உம் சேர்ந்த மாத்திரையை அமெரிக்காவில் தயாரித்த நிறுவனம் வழக்குகளுக்கு அஞ்சி 1983-இல் விற்பனையை நிறுத்தியது. பிள்ளைக்குக் கேடு என்று நிரூபிக்கப்படவில்லை. அதே கூட்டு மருந்துக்கு 2013-இல் அங்கே மறுபடி அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட 30 ஆண்டுகளில் எத்தனை பெண்கள் வீணாகத் துன்பப்பட்டார்கள் என்று நினைத்தால் மனம் ஆறவில்லை. இந்த மாத்திரை வேலை செய்யச் சில மணி நேரம் ஆகும், அதனால் இரவு படுக்கும்போது ஆரம்பிப்பார்கள். தூக்கம் வரும். பகலிலும் மயக்கமாக இருந்தால், நீங்கள் பிள்ளைகளோடு தனியாக இருப்பதை மருத்துவரிடம் சொல்லி அளவையும் நேரத்தையும் மாற்றிக் கேளுங்கள். இது கேட்காவிட்டால் அடுத்த மருந்து இருக்கிறது, அதற்கடுத்ததும் இருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரை வாந்தியைக் கூட்டினால், கேட்டுக்கொண்டு கொஞ்ச நாள் நிறுத்திவைக்கலாம். ஃபோலிக் அமில மாத்திரையை முடிந்தவரை விடாதீர்கள்.

இரும்புச்சத்து மாத்திரை என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். அது நிறமாகவும் வழவழப்பாகவும் மிட்டாய் மாதிரி இருக்கும். இரண்டு வயதுப் பிள்ளை ஒரு பிடி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. தலைமாட்டில் வைக்காதீர்கள், கைப்பையில் வைக்காதீர்கள். உயரத்தில், பூட்டி வையுங்கள். விழுங்கியிருப்பான் என்று சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

இனி அந்த ஆள். கர்ப்பிணி வாந்தி எடுக்கிறாள், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, உதிரம் பட்டுப் பயந்திருக்கிறாள் என்று மோப்பம் பிடித்து வருகிறவர்கள் இவர்கள். ஸ்கேன் எடுக்கும் இடத்திலிருந்தும் மருந்துக்கடையிலிருந்தும் இவர்களுக்குத் தகவல் போகலாம், தகவல் சொன்னவருக்குக் கமிஷன் போகலாம். 5 சதவீத க்ளூகோஸ் பாட்டில் ஒரு லிட்டரில் இருப்பது 50 கிராம் சர்க்கரை. அது ஒருவேளைச் சாப்பாட்டுக்குக்கூட ஈடாகாது. ஏற்றியதும் தெம்பாக இருப்பது உள்ளே போன தண்ணீரால். அதைவிட மோசமான விஷயம் ஒன்று. வாரக்கணக்கில் வாந்தி எடுத்தவருக்கு உடலில் தயமின் என்ற வைட்டமின் பி1 தீர்ந்துபோயிருக்கலாம். அந்த நிலையில் தயமின் கொடுக்காமல் க்ளூகோஸை மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், குழப்பம் வரும். சிலருக்கு அது முழுதாகச் சரியாவதில்லை. முறையாகச் செய்வதென்றால் இரத்தத்தில் உப்புகளின் அளவைப் பார்த்து, தயமின் கொடுத்து, உப்புநீர் ஏற்றி, தேவைப்பட்டால் பொட்டாசியம் சேர்ப்பார்கள். வீட்டுக்கு நர்ஸ் வருவது தப்பில்லை. ஒரு மருத்துவர் உங்களைப் பார்த்து, பரிசோதித்து எழுதிக் கொடுத்ததைச் செய்ய வந்தால் நல்லது. பரிசோதனையே இல்லாமல் தினமும் ஒரு பாட்டில் என்று மூன்று மாதத்துக்கு முன்கூட்டியே எப்படித் தீர்மானிப்பார்கள்? இன்றைக்கு என்ன தேவை என்பது இன்றைய உடம்பைப் பார்த்தால்தானே தெரியும்?

கரு நிற்க ஊசி என்கிறார்களே, அது என்ன மருந்து என்று பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். எச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோன் ஊசி என்றால் உதிரம் படும் கர்ப்பத்தை அது காப்பாற்றும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அது போட்ட பிறகு இரத்தத்திலும் சிறுநீரிலும் எடுக்கும் கர்ப்பப் பரிசோதனையை நம்பவும் முடியாது, ஏனென்றால் பரிசோதனை தேடுவதே அந்த ஹார்மோனைத்தான்.

ஹார்மோன் விஷயத்தில் விதிவிலக்கு ஒன்று உண்டு, அதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். புரோஜெஸ்டிரோன் என்று ஒரு ஹார்மோன். உதிரம் பட்ட எல்லோருக்கும் கொடுத்துப் பார்த்த 2019-ஆம் ஆண்டின் பெரிய பிரிட்டிஷ் ஆய்வில் மொத்தமாகப் பெரிய பலன் தெரியவில்லை. ஆனால் இதற்கு முன் கரு கலைந்து, இப்போது உதிரமும் படுகிற பெண்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது பலன் இருப்பதாகத் தெரிந்தது. முன்பு கலைந்தது கூடக் கூடப் பலனும் கூடியது. அதனால் அங்கே 2021 முதல் இந்தப் பெண்களுக்கு அதைப் பரிந்துரைக்கிறார்கள். இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும்: இப்போது உதிரம், முன்பு ஒருமுறையாவது கருச்சிதைவு. கூடவே கரு கர்ப்பப்பைக்குள் இருப்பது ஸ்கேனில் உறுதியாகியிருக்க வேண்டும். உதிரம் மட்டும் பட்டு, முன்பு கலைந்ததே இல்லை என்றால் பலன் தெரியவில்லை. முன்பு கலைந்து, இப்போது உதிரம் படாவிட்டால் இந்தப் பரிந்துரை பொருந்தாது. அந்த ஆய்வில் கொடுத்தது பிறப்புறுப்பில் வைக்கும் மாத்திரை, வாரம் ஒருமுறை போடும் ஊசி அல்ல. அதை நீங்களே வைத்துக்கொள்ளலாம், நர்ஸ் வேண்டாம், முன்பணமும் வேண்டாம். உங்களுக்கு முன்பு கரு கலைந்ததா என்று கடிதத்தில் இல்லை. கலைந்திருந்தால், "எனக்கு முன்பு ஒருமுறை கலைந்தது, இப்போது உதிரம் படுகிறது, புரோஜெஸ்டிரோன் வேண்டுமா?" என்று இந்த வாரமே உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அவரே கேட்டிருக்க வேண்டிய கேள்விதான். கேட்டிருந்தால் உங்களிடம் இப்போதே பதில் இருந்திருக்கும்.

வீட்டைப் பற்றி. ஓர் அறையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கூர்மையானது, விழக்கூடியது எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு, பகலில் மூவரும் அங்கேயே இருங்கள். நீங்கள் கண்ணயர்ந்தாலும் சின்னவன் வாசலைத் தாண்டக்கூடாது. காலை எழுந்ததும் முதல் அரை மணி நேரம் பிள்ளைகள் கணவர் பொறுப்பு. அந்த நேரத்தில் நீங்கள் எழாமல், தலைமாட்டில் வைத்திருக்கும் உலர்ந்த பண்டத்தைக் கொஞ்சம் கடித்துவிட்டு மெதுவாக உட்காருங்கள். வேலைக்குப் போகும் முன் பிள்ளைகளின் பகல் சாப்பாட்டை அவர் ஆறவைத்து, மூடி, அந்த அறையிலேயே வைத்துவிட்டுப் போகட்டும். சூடான உணவின் மணம்தான் பலருக்குக் குமட்டும். டிவி இரண்டு மணி நேரம் அதிகமாக ஓடினால் குடி முழுகாது.

பெரியவளிடம் பேசுங்கள். ஐந்து வயதுக் குழந்தை, தான் சத்தம் போட்டதால்தான் அம்மாவுக்கு வாந்தி வருகிறது என்று நினைத்துக்கொள்ளும், யாரிடமும் சொல்லாது. "அம்மாவுக்கு வயிறு சரியில்லை, உன்னால் இல்லை, சரியாகிவிடும்" என்று தினமும் சொல்லுங்கள். பாப்பா வரப்போகிற செய்தியைச் சில வாரம் கழித்துச் சொன்னால் போதும். தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மட்டும் அவள் தலையில் வைக்காதீர்கள். தண்ணீர் டம்ளரை எடுத்துத் தரச் சொல்லலாம்.

சில அறிகுறிகள் தெரிந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்: எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, 24 மணி நேரமாக எதுவும் உள்ளே தங்கவில்லை, எழுந்தால் மயக்கம் வருகிறது, காய்ச்சலோடு வயிற்றுவலி இருக்கிறது, ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைகிற அளவுக்கு உதிரம் போகிறது. பார்வை இரட்டையாவதும் நடை தள்ளாடுவதும் இதில் சேரும். பல மருத்துவமனைகளில் பிள்ளைகளை வார்டுக்குள் விடுவதில்லை. தாய்மாரையே சேர்க்கும் இடத்தில் பிள்ளைக்கு இடம் யோசிக்காததை என்னவென்று சொல்வது? அதனால் நடுராத்திரியில் கூப்பிட்டால் வந்து பிள்ளைகளோடு இருக்கக்கூடிய ஒருவரை இன்றே பேசிவையுங்கள். அவரிடம் சாவி இருக்கட்டும், சின்னவன் எதைக் கட்டிப்பிடித்துத் தூங்குவான் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

வரிசையில் "வாந்தி" என்று மட்டும் சொன்னால் உட்காரவைத்துவிடுவார்கள். வாரம் ஒருமுறை எடை பாருங்கள், கடைசியாகச் சிறுநீர் போன நேரத்தைக் குறித்துவையுங்கள். அங்கே போனதும், "கர்ப்பம் 9 வாரம், எடை மூன்று கிலோ குறைந்திருக்கிறது, காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை" என்று உங்கள் உண்மையான எண்களோடு சொல்லுங்கள். க்ளூகோஸ் பாட்டிலை மாட்ட வந்தால், "தயமின் கொடுத்துவிட்டீர்களா?" என்று கேளுங்கள். உங்களால் பேச முடியாமல் போகலாம், அதனால் கணவருக்கும் இந்தக் கேள்வியைச் சொல்லிவையுங்கள்.