டிஏ ஆபீஸுக்கு வந்த மானியம் எங்கே செலவானது? கணக்கைக் கேட்டு வாங்கும் வழி

கேள்வி: கலிஃபோர்னியாவில் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறேன். எங்கள் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) குற்ற வழக்குகளை நடத்தும் மாவட்ட அட்டர்னி அலுவலகம் (டிஏ ஆபீஸ்), குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவுவதற்காக மானியம் வாங்குகிறது. ஆனால் உதவி கேட்டுப் போன என் தோழியை யாரும் கவனிக்கவில்லை. அந்தப் பணம் எப்படிச் செலவாகிறது என்று நான் கேட்க முடியுமா? ஊரில் ஆர்டிஐ மனு போட்ட பழக்கம் உண்டு.

பதில்: தாராளமாகக் கேட்கலாம். நம் ஆர்டிஐ சட்டம் குடிமக்களுக்கு மட்டும்தான் அந்த உரிமையைத் தருகிறது. கலிஃபோர்னியாவின் பொது ஆவணச் சட்டத்தில் அந்தக் கட்டுப்பாடு இல்லை, யார் வேண்டுமானாலும் கேட்கலாம். விசா எதுவென்று சொல்ல வேண்டாம், காரணமும் சொல்ல வேண்டாம். மனுக் கட்டணம் கிடையாது. ஒரு எச்சரிக்கை மட்டும்: நீங்கள் எழுதும் கடிதமும் பொது ஆவணம்தான், நாளை வேறொருவர் அதைக் கேட்டு வாங்க முடியும். அதனால் தோழியின் பெயரையோ அவருக்கு நடந்ததையோ அதில் எழுதாதீர்கள்.

அடுத்து, கேள்வி கேட்காதீர்கள், காகிதத்தைக் கேளுங்கள். "பணத்தை என்ன செய்தீர்கள்?" என்று எழுதினால் பதில் சொல்லும் கடமை அவர்களுக்கு இல்லை, கையில் இருக்கும் ஆவணத்தைத் தருவதுதான் கடமை. "மானியம் தொடர்பான எல்லா ஆவணங்களும்" என்று எழுதுவதும் தவறு. நான் முதன்முதலில் அப்படித்தான் எழுதினேன். கோரிக்கையைச் சுருக்கித் தரச் சொல்லியே அந்த அலுவலகத்திலிருந்து கடிதத்துக்கு மேல் கடிதம் வந்தது.

எந்தக் காகிதத்தைக் கேட்பது என்று தெரிய, பணம் வரும் வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும். பாதிக்கப்பட்டோர் உதவிக்கான பணத்தில் பெரும்பகுதி, 1984ஆம் ஆண்டின் கூட்டாட்சி (அமெரிக்க மத்திய அரசு) சட்டம் ஒன்று உருவாக்கிய நிதியிலிருந்து வருகிறது. அந்த நிதியில் சேர்வது பெரும்பாலும் வரிப்பணம் அல்ல. கூட்டாட்சி நீதிமன்றங்களில் குற்றவாளிகள் கட்டும் அபராதம். வாஷிங்டனிலிருந்து மாநிலத்துக்கு வந்து, அங்கிருந்து கவுண்டிக்குப் போகிறது. கலிஃபோர்னியாவில் அதைப் பிரித்துக் கொடுப்பது, காட்டுத்தீயையும் நிலநடுக்கத்தையும் கவனிக்கும் மாநில அவசரநிலைச் சேவை அலுவலகம். பலரும் தேடத் தோன்றாத இடம் அது.

ஆக, டிஏ ஆபீஸ் மேலே உள்ள அலுவலகத்துக்குக் கணக்குக் காட்டியே ஆக வேண்டும். கடிதத்தில் மானியத்தின் பெயரையும் ஆண்டையும் குறிப்பிட்டு, இவற்றைக் கேளுங்கள்: மானியத்துக்கு அனுப்பிய விண்ணப்பமும் ஒப்புதலான பட்ஜெட்டும், பணம் கோரி அனுப்பிய செலவு அறிக்கைகள், எத்தனை பேருக்கு உதவி கிடைத்தது என்று அனுப்பிய முன்னேற்ற அறிக்கைகள், மானியத்தில் சம்பளம் வாங்குவோரின் பதவிப் பட்டியல், அவர்களின் நேரப் பதிவேடு.

அந்த நேரப் பதிவேட்டைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். இந்த வகை மானியங்களில் பெருந்தொகை போவது சம்பளத்துக்குத்தான். குற்றத்தை விசாரிக்கவும் வழக்கு நடத்தவும் அந்தப் பணத்தைச் செலவிடக் கூடாது என்பது விதி. ஓர் ஊழியர் பாதி நேரம் பாதிக்கப்பட்டவர்களோடும், மீதி நேரம் வழக்குப் பணியிலும் இருந்தால், பாதிச் சம்பளத்தைத்தான் மானியத்தில் எழுதலாம். பட்ஜெட்டில் நான்கு உதவியாளர்கள் இருந்து பதிவேட்டில் இரண்டு பேரின் நேரம் மட்டும் இருந்தால், உங்கள் தோழியை ஏன் யாரும் கவனிக்கவில்லை என்பதற்கு அங்கே ஒரு தடயம் இருக்கலாம். இன்னொன்றும் பாருங்கள். கவுண்டி முன்பு தன் சொந்தப் பணத்தில் நடத்திய வேலையை மானியத்துக்குத் தள்ளிவிட்டு, தன் பணத்தை வேறெங்கோ எடுத்துக்கொள்வதும் தடை செய்யப்பட்டது. மானியம் வருவதற்கு முந்தைய ஆண்டின் துறை பட்ஜெட்டையும் சேர்த்துக் கேட்டால் அதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சம்பளம் அந்தரங்கம் என்று மறுத்தால் கவலைப்படாதீர்கள். அரசு ஊழியர்களின் பெயரும் சம்பளமும் பொதுத் தகவல் என்று ஓக்லாந்து நகர ஊழியர்கள் தொடர்பான வழக்கில் கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் 2007இல் தீர்ப்பளித்திருக்கிறது. புலன் விசாரணைக் கோப்புகளை அவர்கள் மறைக்கலாம், வழக்குக்கான சட்டக் குறிப்புகளையும் மறைக்கலாம். பாதிக்கப்பட்டவர்களின் பெயரை மறைக்கவே வேண்டும், அது நமக்கும் வேண்டும். ஆனால் வழக்கு நடத்தும் அலுவலகம் என்பதற்காக அதன் வரவுசெலவுக் கணக்கு விசாரணைக் கோப்பு ஆகிவிடாது. மறைக்க வேண்டிய வரியை மறைத்துவிட்டு மீதியைத் தர வேண்டும் என்று கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

சரி, காலக்கெடு. 10 நாளில் பதில் வரவேண்டும். சிக்கலான கோரிக்கை என்றால் இன்னும் 14 நாள் வரை நீட்டிக்கலாம். ஆனால் அது "தருகிறோமா, இல்லையா" என்று சொல்வதற்கான கெடு மட்டுமே, ஆவணம் கைக்கு வர மேலும் நாளாகலாம். மின்னஞ்சலில் கோப்பாகக் கேளுங்கள். நகல் எடுக்கும் நேரடிச் செலவைத்தான் பொதுவாக வசூலிக்கலாம். நேரில் போய்ப் படித்துப் பார்க்கக் கட்டணம் இல்லை.

எழுதும் முன்பே இலவசமாகக் கிடைப்பதைப் பார்த்துவிடுங்கள். மானியத்தை ஏற்கும் தீர்மானம் பெரும்பாலும் கவுண்டியை நிர்வகிக்கும் மேற்பார்வையாளர் வாரியக் கூட்டத்துக்கு வரும், அதன் நிகழ்ச்சி நிரல் இணையத்தில் இருக்கும். கூட்டாட்சி மானியத்தில் ஆண்டுக்கு 10 லட்சம் டாலரோ அதற்கு மேலோ செலவிடும் அமைப்புகள் 'சிங்கிள் ஆடிட்' எனப்படும் தணிக்கைக்கு உட்பட வேண்டும். 2024 அக்டோபருக்கு முன் தொடங்கிய நிதியாண்டுகளில் அந்த வரம்பு 7,50,000 டாலராக இருந்தது. அந்தத் தணிக்கை அறிக்கைகளைப் பொதுவில் பார்க்கலாம்.

மறுத்தால் என்ன செய்வது? இங்கேதான் ஊருக்கும் கலிஃபோர்னியாவுக்கும் பெரிய வித்தியாசம். மாநிலத் தகவல் ஆணையம் மாதிரி மேல்முறையீட்டுக்குப் போக இங்கே ஓர் அமைப்பு இல்லை, நேராக நீதிமன்றம்தான். வழக்கில் நீங்கள் ஜெயித்தால் உங்கள் வக்கீல் செலவை அலுவலகமே கட்ட வேண்டும். மறுப்பை எழுத்தில், எந்தச் சட்டப் பிரிவின்படி, எந்த அதிகாரி எடுத்த முடிவு என்பதோடு தரவேண்டும். அது இல்லாத மறுப்பை ஏற்காதீர்கள்; கவுண்டியின் சட்ட ஆலோசகர் அலுவலகத்துக்கு அதைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் போடுங்கள். வழக்கு வரை போகாமல் அங்கேயே முடிந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், நீதிமன்றம் போகாமலே இன்னொரு கதவு இருக்கிறது. டிஏ ஆபீஸ் அனுப்பிய அதே செலவு அறிக்கைகள் மாநில அவசரநிலைச் சேவை அலுவலகத்திலும் இருக்கும். அங்கேயும் அதே நாளில் ஒரு கடிதம் அனுப்பிவிடுங்கள், இரண்டு பக்கத்துக் காகிதமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். நாளைத் தள்ளிப்போடாதீர்கள். இறுதி நிதி அறிக்கை கொடுத்த நாளிலிருந்து 3 ஆண்டுகள்தான் இந்த ஆவணங்களைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்பது பொது விதி. முதல் கடிதத்தில், முடிந்துபோன கடைசி நிதியாண்டு ஒன்றை மட்டும் கேளுங்கள்.