பணம் எங்கே போகிறது என்று பாருங்கள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: குறைந்த பட்ஜெட் எராட்டிக் த்ரில்லர் (காமமும் குற்றமும் கலந்த மர்மப் படம்) ஒன்றைக் கடைசிவரை பார்த்தேன். பிடித்திருந்தது. அப்புறம் விமர்சனங்களைத் தேடினால் ஆளாளுக்குக் காறித் துப்பியிருக்கிறார்கள். கோளாறு என்னிடமா, அவர்களிடமா?

பதில்: உங்களிடம் இல்லை. அவர்களிடமும் பாதிதான். இந்த வகைப் படங்களில் முக்கால்வாசி நிஜமாகவே மோசம். நிறையப் பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். மழை வழியும் ஜன்னல், சாக்ஸபோன், கரண்ட் இருக்கும்போதே எரியும் மெழுகுவர்த்திகள், நடுவில் ஒரு பிணம். இதையே பார்த்துச் சலித்த விமர்சகர் மீதிக் கால்வாசிக்கும் பழைய விமர்சனத்தையே பெயர் மாற்றி எழுதிவிடுகிறார். உங்கள் படம் எந்தப் பக்கம் என்று பெயர் தெரியாமல் என்னால் சொல்ல முடியாது. ஆனால் இந்தச் சலிப்பு எங்கிருந்து வந்தது என்று சொல்லலாம்.

1992-ல் 'பேசிக் இன்ஸ்டிங்ட்' உலகம் முழுக்க வசூலை அள்ளியது. அதற்கு முன்பே அமெரிக்காவில் வீடியோ கடைகளுக்கென்றே இந்த மாதிரிப் படங்களைத் தயாரிக்க ஆரம்பித்திருந்தார்கள். அதற்குப் பிறகு வெள்ளமாகக் கொட்டின. திரையரங்குக்கு வராமல் நேரே கேசட். வயது வந்தோருக்கான கண்டிப்பான சான்றிதழாக என்.சி-17 என்ற ஒன்று 1990-ல் அறிமுகமானது. அதை வாங்கிய படங்களைக் கடையில் வைக்க மாட்டோம் என்று பிளாக்பஸ்டர் என்ற பெரிய வீடியோ கடை நிறுவனம் சொல்லிவிட்டது. தயாரிப்பாளர்கள் அசருவார்களா? வெட்டிய பிரதி ஒன்று, சான்றிதழே கேட்காத பிரதி ஒன்று என்று இரண்டாகப் போட்டு விற்றார்கள். பத்திரிகை விமர்சகர்களோ பொதுவாக வெள்ளிக்கிழமை திரையரங்குக்கு வரும் படங்களைத்தான் எழுதுவார்கள். ஆக, இந்தப் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு மோசமான விமர்சனம்கூடக் கிடைக்கவில்லை. யாரும் எழுதவே இல்லை என்பதுதான் நிலைமை. பிரிட்டிஷ் பேராசிரியை லிண்டா ரூத் வில்லியம்ஸ் இவற்றையும் சேர்த்து உட்கார்ந்து பார்த்து ஒரு தடித்த ஆய்வு நூல் எழுதியது 2005-ல்தான்.

வந்த வழி ஒரு படத்தை என்ன பாடு படுத்தும் என்பதற்கு ஜான் டால் இயக்கிய 'தி லாஸ்ட் செடக்‌ஷன்' போதும். 'பேசிக் இன்ஸ்டிங்ட்' படத்தின் திரைக்கதைக்கு மட்டுமே 30 லட்சம் டாலர் கொடுத்தார்கள். டால் தன் முழுப் படத்தையும் எடுத்தது சுமார் 25 லட்சத்தில். கணவன் போதைப் பொருள் விற்றுக் கொண்டுவந்த பணத்தை, அவன் குளிக்கப் போன நேரத்தில் தூக்கிக்கொண்டு மனைவி கிளம்பிவிடுகிறாள். ஒரு சின்ன ஊரில் பதுங்கி, அங்கே ஒரு அப்பாவியைப் பிடிக்கிறாள். படுக்கையறைக் காட்சிகள் உண்டு. ஆனால் அவள் யாரையாவது தொடும்போதெல்லாம் நமக்கு ஓடும் நினைப்பு, 'இதில் இவளுக்கு என்ன லாபம்?' என்பதுதான். அவளாக நடித்த லிண்டா ஃபியோரன்டினோ முகத்தில் ஒரு துளி மன்னிப்புக் கேட்கும் பாவனை கிடையாது.

1994-ல் அமெரிக்காவில் அது முதலில் ஓடியது எச்.பி.ஓ. கேபிளில். பிறகுதான் திரையரங்கு. விமர்சகர்கள் கொண்டாடினார்கள். ரோஜர் ஈபர்ட் நான்குக்கு நான்கு நட்சத்திரம் போட்டார், நியூயார்க் விமர்சகர் வட்டம் ஃபியோரன்டினோவைச் சிறந்த நடிகையாகத் தேர்ந்தெடுத்தது. ஆஸ்கர்? திரையரங்குக்கு முன்பே டி.வி.யில் வந்துவிட்டதால் போட்டியிடவே தகுதி இல்லை என்றார்கள். வழக்குப் போட்டும் பயனில்லை. அந்த ஆண்டு விருது வாங்கிய ஜெசிகா லாங்கின் 'ப்ளூ ஸ்கை', தயாரித்த நிறுவனம் திவாலாகி, வருடக்கணக்கில் பெட்டிக்குள் தூங்கிய படம். பெட்டிக்குள் இருக்கலாம், கேபிளில் இருக்கக் கூடாது! லாங் நன்றாகவே நடித்திருந்தார், அது வேறு விஷயம்.

இதே டாலின் முந்தைய படம் 'ரெட் ராக் வெஸ்ட்' விஷயத்திலும் இதே கூத்துதான். அதையும் கேபிளுக்குத் தள்ளிவிட்டார்கள். சான் பிரான்சிஸ்கோவின் ராக்ஸி திரையரங்குக்காரர் தேடிப் பிடித்துப் போட்டார், கூட்டம் வந்தது.

கேள்வி: நான் பார்க்க நினைத்த ஒரு படத்துக்கு, விமர்சனங்களைத் திரட்டிக் கணக்குப் போடும் ராட்டன் டொமேட்டோஸ் இணையதளத்தில் 17 சதவீதம்தான். நூற்றுக்குப் பதினேழு மார்க் எடுத்த படத்தை எப்படி நம்பிப் பார்ப்பது?

பதில்: அது மார்க்கே இல்லை. எழுதியவர்களில் எத்தனை பேர் 'பரவாயில்லை, பார்க்கலாம்' என்ற பக்கம் நின்றார்கள் என்ற கணக்கு. எல்லோருமே பத்துக்கு ஆறு கொடுத்தால் அந்தப் படம் நூறு சதவீதம் வாங்கிவிடும். பாதிப் பேர் தலையில் தூக்கி வைத்து ஆட, மீதிப் பேர் எழுந்து போன படத்துக்கு ஐம்பதுதான்.

பெரிய படம் என்றால் இருநூறு முந்நூறு பேர் எழுதுவார்கள், ஒருவர் மனம் மாறினால் ஒன்றும் ஆகாது. சின்னப் படத்துக்கு ஆறு பேர் எழுதினாலே அதிர்ஷ்டம். அந்த ஆறில் ஒருவருக்குப் பிடித்திருந்தால் வருவதுதான் உங்கள் 17. இன்னொருவருக்குச் சாப்பாடு செரித்திருந்தால் 33. எனவே முதலில் எத்தனை விமர்சனம் என்று பாருங்கள். அப்புறம் திட்டியவர்களில் இரண்டு பேரைப் படியுங்கள். 'நாயகி ஏன் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகிறாள் என்று படத்துக்கே தெரியவில்லை' என்று எழுதியிருந்தால் நம்பலாம். 'மலிவான ரசனை' என்று மட்டும் இருந்தால் அவர் பார்த்தது போஸ்டரை.

கேள்வி: காசு இல்லாதவர்களுக்கு நடிகையின் உடம்புதானே ஸ்பெஷல் எஃபெக்ட்?

பதில்: பலர் அப்படி நினைத்துத்தான் எடுத்தார்கள், அதனால்தான் மறந்தும் போனோம். காசு இல்லாதபோது உண்மையில் மிச்சமாக இருப்பது நான்கு சுவர். உடன்பிறந்த இரு இயக்குநர்களான வச்சாவ்ஸ்கிகளின் முதல் படம் 'பவுண்ட்' (1996) பாருங்கள். பெரும்பாலும் அடுத்தடுத்த இரண்டு அடுக்குமாடி வீடுகள். ஒன்றில் மாஃபியா ஆளும் அவன் காதலி வயலட்டும். பக்கத்து வீட்டில் பெயின்ட் வேலைக்கு வந்த, சிறையிலிருந்து வெளியான கார்க்கி என்ற பெண். இரண்டு பெண்களுக்கும் காதல், பிறகு 20 லட்சம் டாலரைச் சுருட்டத் திட்டம். கார்க்கியை ஆணாக மாற்றினால் பணம் தருகிறோம் என்று தயாரிப்பு நிறுவனங்கள் கேட்டுப் பார்த்தன. இவர்கள் மசியவில்லை.

காதல் காட்சிக்கு சூசி பிரைட் என்ற எழுத்தாளரை ஆலோசகராக வைத்து, ஒரே நீண்ட ஷாட்டாக எடுத்தார்கள். ஆனால் எனக்கு நினைவில் நிற்கும் சிற்றின்பக் காட்சி அது இல்லை. ரத்தம் தோய்ந்த நோட்டுக்கட்டுகளை அந்த மாஃபியா ஆள் கழுவி, வீடு முழுக்கக் கயிறு கட்டிக் காயப்போட்டு, ஒவ்வொன்றாக இஸ்திரி போடுவான் பாருங்கள், அது! எவ்வளவு ஆசையாகத் தடவுகிறான். விமர்சகர்கள் பாராட்டினார்கள். அமெரிக்கத் திரையரங்குகளில் 40 லட்சம் டாலர்கூடத் தேறவில்லை. மூன்று வருடம் கழித்து அதே இயக்குநர்கள், அதே ஒளிப்பதிவாளர் பில் போப்போடு 'மேட்ரிக்ஸ்' எடுத்தார்கள்.

கேள்வி: இந்தப் படங்களில் ஏன் எப்போதும் பெண்தான் சூழ்ச்சிக்காரி?

பதில்: 1940-களின் நுவார் படங்கள், அதாவது இருண்ட ஹாலிவுட் குற்றப் படங்கள், விட்டுப்போன சொத்து. 'டபுள் இன்டெம்னிட்டி' (1944) காலத்தில் ஹாலிவுட்டின் தணிக்கை விதிப்படி அவள் கடைசியில் தண்டனை அடைந்தே ஆக வேண்டும். விதி 1968-ல் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. மேலே சொன்ன 'தி லாஸ்ட் செடக்‌ஷன்', 'பவுண்ட்' இரண்டும் அந்த இடத்தில்தான் வேறு வழியில் போகின்றன. எப்படி என்று சொன்னால் அடிக்க வருவீர்கள்.

கேள்வி: 'தி லாஸ்ட் செடக்‌ஷன்' படத்தை அப்பா அம்மாவோடு உட்கார்ந்து பார்க்கலாமா?

பதில்: அவர்கள் ஏற்கெனவே பார்த்திருந்தால் என்ன செய்வீர்கள்?