ப்ளூ டிக் விழுந்துச்சு, பதிலு வரல: வாங்குறவங்க கேள்வி-பதில்

இந்த தடவை வாட்ஸ்அப் டிக்கு பத்தியே நெறைய கேட்டிருக்கீங்க. ஆச்சரியமில்ல, கம்பம், கூடலூர், போடி, மேல ஏறுனா குமுளி, கட்டப்பனை, நெடுங்கண்டம்னு இங்கிட்டும் அங்கிட்டுமா வாங்குறது விக்கிறது பூராம் இப்ப மெசேஜ்லதான் ஓடுது. ரேட்டு கேக்குறது, பில்லு அனுப்புறது, சண்டை போடுறது எல்லாமே அதுலதான். அதனால எல்லாத்தையும் சேத்தே போட்டுடறேன்.

கேள்வி: நான் கம்பத்துல ஏலக்கா யாவாரம் பண்றேன். வண்டன்மேடு பக்கம் தோட்டம் வச்சிருக்கவர்ட்ட காய் எடுப்பேன். காலைல 8 எம்எம் காய்க்கு ரேட்டு கேட்டு மெசேஜ் போட்டா சாயங்காலம் வரைக்கும் ஒத்த டிக்குதான் கெடக்கு, அதுக்கப்புறந்தான் ரெண்டாகுது. என்னைய ப்ளாக் பண்ணிட்டாரோன்னு சந்தேகம். நேர்ல பாத்தா நல்லாத்தான் பேசுறாரு.

பதில்: அண்ணே, சாயங்காலம் ரெண்டு டிக்கு விழுதுல்ல, அப்ப ப்ளாக் இல்ல. ப்ளாக் பண்ணியிருந்தா அந்த மெசேஜ் எப்பவுமே போகாது, நாளைக்கே அவரு ப்ளாக்கை எடுத்துவிட்டாலும் நடுவுல நீங்க போட்டதெல்லாம் அவருக்கு வராது.

நடக்குறது இதுதான். உங்க மெசேஜ் நேரா அவரு போனுக்கு போறதில்ல, வாட்ஸ்அப் சர்வருக்கு போயி அங்கிருந்துதான் போகும். சின்ன கடிகாரம் தெரிஞ்சா உங்க போன்லருந்தே கெளம்பலன்னு அர்த்தம், நெட்டு உங்களுக்குத்தான் இல்ல. ஒத்த டிக்குன்னா சர்வருக்கு போயிருச்சு, அவரு போன் இன்னும் வாங்கல, பஸ்ல பார்சல் போட்டுவிட்டு அந்த ஊர்ல ஆளு வந்து எறக்காம கெடக்குற மாதிரி. சாம்பல் கலர்ல ரெண்டு டிக்குன்னா அவரு போன்ல எறங்கிருச்சு. ரெண்டும் நீலமாச்சுன்னா அந்த சாட்டை தொறந்தாச்சு. தொறந்தது அவருதானா, அவரு பேரனா, முழுசா படிச்சாரா, தொறந்த கையோட மூடிட்டாரா, இதெல்லாம் டிக்குக்கு தெரியாது. டிக்கு சொல்றது போனைப் பத்தி மட்டும்தான், ஆளைப் பத்தி இல்ல.

ஏலத்தோட்டத்துக்குள்ள டவர் எப்படின்னு உங்களுக்கு நான் சொல்லணுமா. விடிகாலைல நம்ம ஊர்லருந்து ஜீப்புல போற ஆளுகளை கேளுங்க, லோயர் கேம்ப் தாண்டி வளைவு ஏற ஏற கோடு ஒவ்வொண்ணா கொறைஞ்சு, தோட்டத்துக்குள்ள ஒரு கம்பெனி சிம் மட்டும் எடுக்கும் இன்னொன்னு எடுக்காது, பாறை மேல ஏறி நின்னாதான் பேச முடியும்னு சொல்லுவாக. உங்க ஆளும் சாயங்காலம் வீட்டுக்கு வந்து வைஃபை புடிச்சதும் டிக்கு ரெண்டாகுது, அவ்வளவுதான். போன் ஒரேயடியா ஆஃப்ல கெடந்தா சர்வர் 30 நாள் வரைக்கும் மெசேஜை வச்சிருக்கும், அதுக்கும் மேலன்னா தூக்கிரும்.

நெசமாவே ப்ளாக் பண்ணா எப்படி தெரியும்னு கேப்பீங்க. லாஸ்ட் சீன் காட்டாது, ஆன்லைன் காட்டாது, புதுசா போட்டோ மாத்துனாலும் உங்களுக்கு தெரியாது, வாட்ஸ்அப் கால் போகாது, மெசேஜ் ஒத்த டிக்கோட நிக்கும். இதுல ஒண்ணை மட்டும் வச்சு முடிவு கட்டாதீங்க, லாஸ்ட் சீனை எல்லாருக்குமே மறைச்சு வச்சிருக்கவுக ஏராளம். ப்ளாக் பண்ணவரு மாட்டக்கூடாதுன்னு வாட்ஸ்அப்பே வேணும்னுதான் இதை தெளிவா காட்டாம வச்சிருக்கு.

ஆனா உங்க யாவாரத்துல பிரச்சனை வேற. போடியிலயும் புத்தடியிலயும் ஸ்பைசஸ் போர்டு இ-ஏலம் முடிஞ்சா ரேட்டு மாறிப்போகுது, காலைல நீங்க போட்ட வெலையை அவரு சாயங்காலம் படிச்சு ‘சரி’ன்னு போட்டா யாரு நட்டப்படுறது? அதனால மெசேஜ்லயே ‘இன்னைக்கு மதியம் 1 மணி வரைக்கும்தான் இந்த ரேட்டு’ன்னு எழுதிருங்க. ரேட்டை தப்பா அடிச்சுட்டா 15 நிமிஷத்துக்குள்ள எடிட் பண்ணலாம், எடிட் பண்ணதுன்னு அவருக்கும் காட்டும். அதுக்கும் மேல போச்சுன்னா ரெண்டு நாளைக்குள்ள ‘டெலீட் ஃபார் எவ்ரிஒன்’ குடுக்கலாம், அழிச்ச தடம் தெரியும். அவசரம்னா சாதா காலே போடுங்கண்ணே.

கேள்வி: கூடலூர்லருந்து எழுதுறேன். ஓணம் ஆஃபர்ல கட்டப்பனைல ஒரு கடைல வாஷிங் மெஷின் எடுத்தோம். கொஞ்ச மாசத்துலயே ட்ரம் சுத்த மாட்டேங்குது. ‘பில்லும் வீடியோவும் வாட்ஸ்அப்ல விடுங்க சேச்சி’ன்னாங்க, விட்டேன், அன்னைக்கே ப்ளூ டிக். பதிலே இல்ல. போன் பண்ணா ‘எதுவும் வரலையே’ங்குறாங்க. ப்ளூ டிக் ஆதாரமா எடுத்துக்குவாங்களா? கேரளா கடைன்னா கேஸ் போட கேரளாவுக்குத்தான் போகணுமா?

பதில்: ரெண்டாவதை மொதல்ல சொல்லிடறேன், நீங்க மலை ஏறவே வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துல, புகார் குடுக்குறவரு குடியிருக்குற ஊரு இல்ல வேலை பாக்குற ஊரு எதுவோ, அங்கயே கேஸ் போடலாம்னு தெளிவா இருக்கு. அதனால தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயே குடுக்கலாம். பொருளுக்கு குடுத்த வெலை 5 லட்சம் வரைக்கும்னா கட்டணமே கெடையாது, பிரச்சனை வந்ததுலருந்து 2 வருஷத்துக்குள்ள போடணும். ‘அங்கிட்டு வாங்குனா கேக்க நாதியில்ல’ன்னு இங்க ஒரு பேச்சு ரொம்ப நாளா ஓடுது, அதை இன்னையோட விட்டுருங்க.

இப்ப டிக்கு. 2018 ஜூன்ல பாம்பே ஹைகோர்ட்டுக்கு வந்த ஒரு விஷயம், கிரெடிட் கார்டு கம்பெனி ஒண்ணு ஒருத்தருக்கு நோட்டீசை பிடிஎஃப்பா வாட்ஸ்அப்ல அனுப்பியிருந்துச்சு. மெசேஜும் பிடிஎஃப்பும் போய் சேந்தது மட்டுமில்ல, தொறந்தும் பாத்திருக்காருன்னு டிக்கே காட்டுதுன்னு கோர்ட் ஏத்துக்கிச்சு. அதனால ‘வரலையே’ன்னு அவங்க சொல்ற பொய்யை ஒடைக்க உங்க ப்ளூ டிக் நல்லாவே ஒதவும். ஆனா மெஷின் பழுதுன்னு ப்ளூ டிக்கு நிரூபிக்காது, சரி பண்ணித் தர்றோம்னு அவங்க ஒத்துக்கிட்டதாவும் ஆகாது. கடை போன்ல எந்த பையன் தொறந்தானோன்னு அவங்க தப்பிக்க பாப்பாங்க, அதையும் மனசுல வச்சுக்கோங்க.

அதனால இப்பவே ஒரு வேலை பண்ணுங்க. அந்த மெசேஜை அமுக்கிப் புடிச்சு ‘இன்ஃபோ’ போனா எப்ப டெலிவரி ஆச்சு, எப்ப படிச்சாங்கன்னு நேரத்தோட காட்டும், அதை ஸ்கிரீன்ஷாட் எடுங்க. இன்னொரு ஸ்கிரீன்ஷாட்ல கடை நம்பர் தெரியணும், நீங்க சேவ் பண்ணி வச்ச பேரு தெரிஞ்சு பிரயோஜனமில்ல, யாரு நம்பரையும் யாரு பேருலயும் சேவ் பண்ணிக்கலாம்ல. சாட்டையும் எக்ஸ்போர்ட் பண்ணி மெயில்ல போட்டு வைங்க. ஒரிஜினல் சாட்டு போன்லயே இருக்கட்டும், ஏன்னா 2024 ஜூலை 1 லருந்து இருக்குற புது சாட்சிய சட்டத்துல 63-வது பிரிவுப்படி இந்த மாதிரி எலெக்ட்ரானிக் ஆதாரத்தோட சர்டிஃபிகேட்டு ஒண்ணும் வைக்கணும், கேக்குறப்ப போனே இல்லன்னா செரமம். அந்த சாட்டுல ‘டிஸ்அப்பியரிங் மெசேஜஸ்’ ஆன்ல இருக்கான்னும் பாருங்க, 24 மணி நேரம், 7 நாள், 90 நாள்னு எதையாவது அவங்க வச்சிருந்தா நீங்க கேஸ் போடுறதுக்குள்ள எல்லாம் மறைஞ்சுரும்.

கேஸுக்கு போறதுக்கு முன்னாடி மெஷின் கம்பெனி கஸ்டமர் கேர்ல நேரா புகார் போட்டு நம்பர் வாங்குங்க, கடைக்காரனை மட்டும் நம்பிக்கிட்டு இருந்தா வாரண்டி ஓடிப்போகும். அதுலயும் நடக்கலன்னா 1915, நுகர்வோர் ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசலாம். கடைக்கு ஒரு லெட்டரும் ஸ்பீட் போஸ்ட்ல போட்டு ரசீதை வச்சுக்கோங்க. பழைய ஸ்டைலுதான், ஆனா அதுக்கு யாரும் நெட்டு இல்லன்னு சொல்ல முடியாது.

கேள்வி: போடி. பேஸ்புக்ல பாத்து செகண்ட் ஹேண்ட் ஜெனரேட்டருக்கு 6,000 ரூவா அட்வான்ஸ் போட்டேன். நெடுங்கண்டம்னு சொன்னான், வாட்ஸ்அப்ல ‘பிசினஸ் அக்கவுண்ட்’னு போட்டிருந்துச்சு. காசு போனதுலருந்து ஒத்த டிக்கு, டிபியும் காணோம். ரெண்டு நாள் பாக்கலாமா?

பதில்: ஒரு நிமிஷம்கூட பாக்காதீங்க. இதை படிச்சதும் 1930-க்கு அடிங்க, சைபர் க்ரைம் நம்பர். காசு அடுத்த அக்கவுண்ட்டுக்கு மாறுறதுக்குள்ள சொன்னாதான் பேங்க்குல நிறுத்தி வைக்க முடியும், நேரம் போகப்போக வாய்ப்பு கம்மி. யுபிஐ ட்ரான்சாக்சன் நம்பரை கையில வச்சுக்கிட்டு பேசுங்க, சாட்டை அழிச்சிராதீங்க, திட்டி மெசேஜும் போடாதீங்க.

‘பிசினஸ் அக்கவுண்ட்’ங்குறது ஒண்ணுமே இல்ல, பிசினஸ் ஆப்பை யாரு வேணா சும்மா போட்டுக்கலாம். பேருக்கு பக்கத்துல ஒரு டிக்கு பேட்ஜ் வரும், முன்னாடி பச்சையா இருந்து இப்ப நீலமாச்சு, அது வேற. அதுவும் அந்த கம்பெனி பேரை சரிபாத்திருக்காங்கங்குறதுக்குத்தான், பொருளு நல்லதுங்குறதுக்கு இல்ல. மெசேஜுக்கு கீழ வர்ற ப்ளூ டிக்குக்கும் இதுக்கும் சம்பந்தமே கெடையாது.

கேள்வி: உத்தமபாளையத்துல தையக்கார அக்காட்ட ப்ளவுஸ் குடுப்பேன். நான் போடுற மெசேஜுக்கு ரிப்ளை வருது, ஆனா டிக்கு நீலமாவே ஆகாது. என் போன் பழசு, அதனாலயா? புதுசு வாங்கணுமா?

பதில்: இதுக்கெல்லாம் போன் வாங்குனா போன் கடைக்காரருதான் சிரிப்பாரு. அந்த அக்கா ப்ரைவசில ‘ரீட் ரிசீட்ஸ்’ ஆஃப் பண்ணியிருக்காங்க. ப்ளூ டிக் 2014 நவம்பர்ல வந்தப்பவே எல்லாரும் கத்துன கத்துல கொஞ்ச நாள்லயே இந்த ஆப்ஷனையும் குடுத்துட்டாங்க. ஆஃப் பண்ணா அடுத்தவுக படிச்சதும் அவங்களுக்கு தெரியாது, அது நியாயம்தான். ஒருவேளை நீங்களே உங்க போன்ல ஆஃப் பண்ணி வச்சிருந்தாலும் இப்படித்தான் இருக்கும், அதையும் பாருங்க. கேட்டுட்டாங்களான்னு தெரிஞ்சே ஆகணும்னா அளவை வாய்ஸ் மெசேஜா விடுங்க, அவங்க ப்ளே பண்ணதும் மைக்கு நீலமாகும், அதை யாராலயும் ஆஃப் பண்ண முடியாது.

கேள்வி: குமுளில டீக்கடை வச்சிருக்கேன். போனை ஆஃப் பண்ணி சர்வீஸுக்கு குடுத்திருந்தேன், அந்த நேரத்துல எனக்கு மெசேஜ் போட்டவுகளுக்கு டபுள் டிக் விழுந்திருக்கு. சர்வீஸ் கடைக்காரன் எதுவும் பண்ணிட்டானா?

பதில்: அவரை புடிக்கிறதுக்கு முன்னாடி யோசிச்சுப் பாருங்க, எங்கயாவது ஜெராக்ஸ் கடைல ஆதார் பிரிண்ட் எடுக்க அவங்க கம்ப்யூட்டர்ல க்யூஆர் ஸ்கேன் பண்ணி வாட்ஸ்அப் தொறந்தீங்களா? பாதிப்பேரு பிரிண்ட்டை வாங்கிட்டு லாக்அவுட் பண்ணாம வந்துடறாக. ஒரு நம்பரை போனோட சேத்து இன்னும் 4 டிவைஸ்ல போடலாம், போன் ஆஃப்ல இருந்தாலும் அதுல மெசேஜ் எறங்கும், எறங்குனா அனுப்புனவருக்கு ரெண்டு டிக்குதான் காட்டும். 14 நாள் நீங்க போனை தொடலைன்னாதான் அதுவா கழண்டுக்கும். செட்டிங்ஸ்ல ‘லிங்க்டு டிவைசஸ்’ போங்க, உங்களுக்கு தெரியாத கம்ப்யூட்டர் பேரு இருந்தா தொட்டு லாக்அவுட் குடுங்க. லிஸ்ட்டுல ஒண்ணுமே இல்லன்னா அப்புறம் சர்வீஸ் கடைக்கு போயி, போனை எப்ப ஆன் பண்ணாங்கன்னு கேளுங்க.

கேள்வி: எங்க மகளிர் குழு க்ரூப்புல தீபாவளி பலகாரம் ஆர்டர் எடுக்குறோம். நான் போட்ட வெலைப் பட்டியலுக்கு ப்ளூவே வரல, ஆனா ஆர்டர் வந்துக்கிட்டு இருக்கு. டெலிகிராம்ல போட்டா உடனே ரெண்டு டிக்கு வருது. எது நல்லது?

பதில்: க்ரூப்புல இருக்குற அத்தனை பேரு போன்லயும் எறங்குனாதான் ரெண்டு டிக்கு, அத்தனை பேரும் படிச்சாதான் நீலம். ஒருத்தரு போன் ரீசார்ஜ் இல்லாம கெடந்தாலும் மொத்த க்ரூப்புக்கும் நீலமாகாது. மெசேஜ் இன்ஃபோல போனா யாரு யாரு படிச்சாகன்னு பேரு பேரா இருக்கும், படிக்காதவுகளுக்கு மட்டும் தனியா சொல்லிருங்க. டெலிகிராம்ல கணக்கே வேற, அங்க ஒத்த டிக்குன்னா சர்வருக்கு போயிருச்சு, ரெண்டுன்னா படிச்சாச்சு, நடுவுல போன்ல எறங்குனதுக்குன்னு தனியா எதுவும் இல்ல. க்ரூப்புல யாராவது ஒருத்தரு படிச்சாலே அது ரெண்டாயிரும், அதான் உங்களுக்கு உடனே வருது. ஆர்டரை எதுல வேணா எடுங்க, ‘முறுக்கு 2 கிலோ, அதிரசம் 1 கிலோ’ன்னு அவுக கையால டைப் பண்ணி அனுப்புனதை மட்டும் நோட்டுல ஏத்துங்க.