தம்பி வீட்டுச் சுவரில் தொங்கும் அரை டிஷ்வாஷர்

கேள்வி: எங்கள் ஊர் கீழக்கரை. மாப்பிள்ளை (என் கணவர்) துபாயில் வேலை, மாதம் 65,000 அனுப்புவார். வீட்டில் உம்மா, பிள்ளைகள், தங்கை குடும்பம் என்று ஒன்பது பேர். லாக்டவுன் நேரத்தில் வாங்கிய டிஷ்வாஷர் ஹீட்டர் போய் நின்றுவிட்டது. உள்ளே எல்லாம் வெள்ளையாகப் படிந்து, அடியில் துருப் புள்ளிகள். எங்கள் தண்ணீரே உப்புத் தண்ணீர்தானே என்று அதற்குப் போடும் உப்பை முதல் வருஷமே நிறுத்திவிட்டேன். ரிப்பேருக்கு 14,000 கேட்கிறார்கள். கடையில் புதுசு 52,000. 24 மாதம், மாதம் 2,167, வட்டி கிடையாது, ஃபைல் சார்ஜ் 1,000 மட்டும். முழு ரொக்கம் என்றால் 47,000-க்குத் தருவார்களாம், ஆனால் ஒட்டியிருப்பது போன வருஷத்து விலை. பழசுக்கு 5,000 கழிப்பார்கள். வங்கியில் 1,40,000 இருக்கிறது, தொட மனசில்லை. வட்டி கொடுப்பது எங்களுக்கு ஆகாது, இது நோ காஸ்ட் இஎம்ஐ என்பதால் எடுக்கலாம் என்று நினைக்கிறேன். என் பேரில் உள்ள பைனான்ஸ் கார்டில் ஏற்கெனவே 14 மாதமாகத் தம்பியின் ஏசி, இன்வெர்ட்டருக்கு 3,400-ம், லாத்தா (அக்கா) மகள் கல்யாணத்துக்கு வாங்கிய ஃபிரிட்ஜுக்கு 1,900-ம் போகிறது. அவர்கள் ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் தருவார்கள். தம்பிக்குப் பைக் லோனில் ஏதோ பிரச்சினை, அவன் பேரில் தர மாட்டேன் என்கிறார்கள். டிஷ்வாஷர் எடுக்கும்போது அதே கார்டில் தனக்கொரு 55 இஞ்ச் டிவியும் எடுத்துத் தரச் சொல்கிறான். நோன்புக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது. எந்த மெஷின் வாங்கலாம்?

பதில்: சகோதரி, ஒன்பது பேர் சாப்பிடும் வீட்டில் டிஷ்வாஷர் தேவையா என்று நான் கேட்கப் போவதில்லை. நோன்பு கால சஹர் சாப்பாடு முடிந்து விடியற்காலையில் பாத்திரக் குவியலுக்கு முன்னால் உட்காருகிறவருக்குத்தான் அந்தக் கேள்விக்குப் பதில் தெரியும். எந்த மெஷின் என்பதற்கும் கடைசியில் வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது ஹீட்டர் அல்ல, அந்த 55 இஞ்ச் டிவி.

உங்கள் தம்பிக்குக் கடன் தர மாட்டோம் என்று சொன்னவர்கள் யார்? கடன் கொடுப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள். வசூலுக்கு ஆள் வைத்திருப்பவர்கள். அவர்களே வேண்டாம் என்று ஒதுக்கிய ஆளுக்கு, வசூலுக்குப் போய் நிற்கக் கூச்சப்படுகிற நீங்கள் கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் கணக்கில் நீங்கள் ஒரு கார்டு வைத்திருக்கிறீர்கள். நான் பார்ப்பது, மூன்று குடும்பங்களுக்கு நீங்கள் நடத்தும் ஒரு சின்ன பைனான்ஸ் கம்பெனி. லாபம் இல்லாத கம்பெனி.

கணக்கைப் பாருங்கள். தம்பியின் 3,400-ஐ 14 மாதம் கட்டியிருக்கிறீர்கள். ஒன்று விட்டு ஒன்று தந்திருக்கிறார் என்றால் வராமல் போனது 7 மாதம், அதாவது 23,800 ரூபாய். லாத்தா பக்கம் இதே போல் 13,300. மொத்தம் 37,100. புது மெஷினின் ரொக்க விலை 47,000. ஏறக்குறைய பாதி டிஷ்வாஷர் தம்பி வீட்டுச் சுவரில் ஏசியாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது, கால் டிஷ்வாஷர் லாத்தா மகள் வீட்டில் ஃபிரிட்ஜாக நிற்கிறது. உங்களிடம் பணம் இல்லாமல் தவணைக்குப் போகவில்லை. இருந்த பணம் இடம் மாறியதால் போகிறீர்கள். இதில் ஒரு மாதம் மாப்பிள்ளையிடமிருந்து பணம் வரப் பத்து நாள் தாமதமானால் கணக்கில் தொகை இல்லாமல் தவணை திரும்பும். பைனான்ஸ் கம்பெனி ஒரு அபராதம், வங்கி ஒரு அபராதம், சிபில் என்கிற கடன் வரலாற்றுப் பதிவில் ஒரு கறுப்புப் புள்ளி. மூன்றும் உங்கள் பெயரில்தான் விழும், தம்பி பெயரில் அல்ல.

டிவிக்கு ஒரே பதில், இல்லை. ‘மச்சான் கார்டை மூடச் சொல்லிட்டாங்க’ என்று பழியைத் துபாய்க்குத் தள்ளுங்கள், தப்பில்லை. துபாயில் இருப்பவர்கள் இந்த மாதிரிப் பழிகளைத் தாங்கிப் பழகியவர்கள். அதோடு, வரும் மாதத்திலிருந்து 3,400 உங்கள் தவணைத் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் தம்பியின் வங்கிக் கணக்கிலிருந்து தானாக உங்களுக்கு வரும்படி அவரையே வங்கியில் எழுதிக்கொடுக்கச் சொல்லுங்கள். கையில் ரொக்கமாகத் தருகிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள். இத்தனை நாள் அப்படித்தான் தந்தார். பழைய 23,800-ஐ ஒரு தாளில் எழுதி வையுங்கள். எப்போது கேட்பது என்பது உங்கள் குடும்ப விவகாரம், ஆனால் எழுதாத கடன் இரண்டு வருஷத்தில் இரண்டு பேருக்கும் வேறு வேறு தொகையாக நினைவிருக்கும்.

லாத்தா விஷயத்தில் நான் வேறு மாதிரி நினைக்கிறேன். மகள் கல்யாணத்துக்கு வாங்கிய ஃபிரிட்ஜ் அது. கொடுக்க முடியாதவரிடம் மாதாமாதம் எதிர்பார்த்து, வராதபோது மனசு சுருங்கி, விசேஷ வீட்டில் முகம் பார்க்க முடியாமல் நிற்பதைவிட, ‘லாத்தா, அது பிள்ளைக்கு நான் செஞ்சது’ என்று சொல்லி முடித்துவிடுங்கள். அன்பளிப்பாகக் கொடுத்தால் கொடுத்த பெயராவது மிஞ்சும். அதன்பின் அந்த 1,900 உங்கள் செலவு என்று வைத்து மற்றதைத் திட்டமிடுவோம்.

இனி அந்த ‘வட்டி கிடையாது’ சமாச்சாரம். எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும் இடம் இது. 2013-லேயே ரிசர்வ் வங்கி, பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது, கிரெடிட் கார்டுத் தவணைத் திட்டங்களில் வட்டி வேறு பெயரில் மறைந்திருக்கிறது என்று வங்கிகளைக் கண்டித்தது. பூஜ்யத்தை எடுத்துவிட்டு நோ காஸ்ட் என்று பலகையை மாற்றி எழுதிக்கொண்டார்கள். உங்கள் கடை சொன்ன எண்களையே போடுங்கள். ரொக்கம் 47,000. தவணை 2,167 வீதம் 24 மாதம், 52,008. அதோடு ஃபைல் சார்ஜ் 1,000. பழைய மெஷினுக்கான 5,000 இரண்டிலும் பொது, விட்டுவிடலாம். ஆக 6,000 ரூபாய் அதிகம். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருவதால் இரண்டு வருஷத்துக்குச் சராசரியாக 24,000 சொச்சம்தான் உங்களிடம் கடனாக நிற்கும். அதற்கு 6,000 என்றால் ஆண்டுக்குச் சுமார் 12 சதவீதம். வட்டி இல்லாத கடனுக்கு நல்ல வட்டி!

மார்க்கத் தீர்ப்பு சொல்ல எனக்கு அருகதை இல்லை, அதை மார்க்க அறிஞரான ஆலிமிடம் கேளுங்கள். கேட்கும்போது கடைக்காரர் சொன்ன வார்த்தையைச் சொல்லாமல் கடன் தாளைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். 2024 அக்டோபரிலிருந்து, இது போன்ற கடன் கொடுப்பவர்கள் எல்லாச் செலவும் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஆகிறது என்று முன்கூட்டியே ஒரு தாளில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. பில் போடுகிற பையனுக்கு அது தெரியாமல் இருக்கலாம். கேட்டால் தந்தாக வேண்டும்.

இன்னொன்று. ஒட்டியிருப்பது போன வருஷத்து விலை என்கிறீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டிஷ்வாஷருக்கான ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. அந்த 52,000 பழைய வரியோடு போட்ட விலை என்றால், புது வரியில் அது 47,900 சொச்சம்தான். ஆக, ரொக்கத்துக்கென்று உங்களுக்காகக் குறைப்பதாகக் கடைக்காரர் சொல்லும் 5,000-ல் 4,000 அரசாங்கம் குறைத்தது. எந்த வரி என்று கேட்டுவிட்டு, அங்கிருந்து பேரத்தைத் தொடங்குங்கள்.

உப்புக்கு வருகிறேன். உங்கள் மெஷினைக் கொன்றது கம்பெனி அல்ல, தண்ணீர். இது நம் கடற்கரை வீடுகளில் ரொம்பப் பேர் குழப்பிக்கொள்ளும் விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மெஷினுக்குள் தண்ணீரை மென்மையாக்கும் ஒரு பகுதி இருக்கிறது. அதிலுள்ள பிசின் மணிகள் தண்ணீரிலிருந்து சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும். மணிகள் நிறைந்ததும் அவற்றைக் கழுவிப் புதுப்பிக்கத்தான் நாம் போடும் உப்பு. அதற்குக் கெட்டியான உப்புக் கரைசல் வேண்டும். போர் தண்ணீரில் இருக்கும் கரிப்பு அதற்குக் காணாது. நீங்கள் உப்பை நிறுத்தியதும் மணிகள் வேலையை நிறுத்தின, சுண்ணாம்பு நேராக ஹீட்டரில் போய் உட்கார்ந்தது. அதுதான் அந்த வெள்ளை. துருப் புள்ளி வேறு கதை. அது தண்ணீரின் குளோரைடு எவர்சில்வரைத் துளைப்பது. உப்பு போட்டிருந்தாலும் இதை அந்த மணிகள் தடுத்திருக்காது. குழாயில் மாட்டச் சொல்லி விற்கிறார்களே, பாட்டில் மாதிரி ஒரு ஃபில்டர், அதுவும் தடுக்காது.

ராமநாதபுரத்தில் என் வீட்டுக் கெட்டிலையே வினிகர் ஊற்றிச் சுரண்டித்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன். ஆகவே இதே தண்ணீரில் 14,000 ரிப்பேரும் வீண், 47,000 புதுசும் வீண். ஐந்து வருஷம் கழித்து மறுபடி எனக்கு எழுதுவீர்கள்.

வழி இருக்கிறது, விலையும் அதிகமில்லை. டிஷ்வாஷர் ஒரு தடவை கழுவ எடுப்பது சுமார் 10 முதல் 12 லிட்டர். ஒரு குடம் கூட இல்லை! தினம் ஒரு தடவை என்றால் மாதம் 360 லிட்டர். காவிரிக் குடிநீர் வருகிற அன்று ஒரு 200 லிட்டர் தொட்டியில் பிடித்து, மெஷினுக்கு மட்டும் தனி இணைப்பு கொடுங்கள். வராத வாரம் விலைக்கு வாங்கி ஊற்றினாலும் நாளுக்கு ஒரு குடம்தான் கணக்கு. சின்னத் தொட்டியின் உயரத்தில் மெஷினுக்கு வேண்டிய அழுத்தம் வராது, ஒரு சிறு பிரஷர் பம்ப் வேண்டும். இரண்டுக்கும் 8,000 ஒதுக்குங்கள். காவிரித் தண்ணீருக்கும் அந்த உப்பு வேண்டும், அளவைக் குறைத்து வைத்தால் போதும். வாலிநோக்கத்தில் உப்பளத்தை வைத்துக்கொண்டு மெஷின் உப்பைக் கூரியரில் வரவழைக்கிறோமே என்று உங்களுக்குச் சிரிப்பு வரலாம், எனக்கும் வரும். ஆனால் அள்ளி வந்த உப்பில் மண்ணும் மக்னீசியமும் இருக்கும், பொடி உப்பில் அயோடினும் கட்டிபிடிக்காமலிருக்கச் சேர்க்கும் பொருளும் இருக்கும். இரண்டும் வேண்டாம்.

பணத்துக்கு வழி இப்படி. மாதம் 2,167 கட்ட முடியும் என்று நீங்களே சொல்கிறீர்கள், அப்படியென்றால் சேர்க்கவும் முடியும். அதோடு தம்பி ஒவ்வொரு மாதமும் தந்தால் இப்போதைவிட மாதம் சராசரியாக 1,700 கூடும், லாத்தாவிடமிருந்து சராசரியாக வந்த 950 நிற்கும். ஆக மாதம் 2,917, மூன்று மாதத்துக்கு 8,750. தேவை: மெஷின் 47,000-ல் பழசுக்குக் கழிவு 5,000 போக 42,000, தொட்டி பம்புக்கு 8,000, ஆக 50,000. குறையும் 41,250-ஐ வங்கியிலிருந்து எடுங்கள். 98,750 மிச்சமிருக்கும், அவசரத்துக்கு அது போதும். தொட மனசில்லை என்கிறீர்கள், புரிகிறது. ஆனால் சேமிப்புக் கணக்கில் 3 சதவீதம்கூட வராத பணத்தைப் பத்திரப்படுத்திவிட்டு 12 சதவீதத்துக்கு வெளியில் வாங்குவது பத்திரம் ஆகாது. வங்கி தரும் அந்த வட்டியையும் நீங்கள் எடுப்பதில்லை என்றால் கணக்கு இன்னும் மோசம். தம்பி முதல் மாதமே தவறினால் நோன்புக்கு முன் மெஷின் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள், கார்டைத் தேய்க்காதீர்கள்.

மெஷின் எது? 12 அல்லது 13 பேர் அளவு, உட்புறம் அடித்தட்டு உள்படத் துருப்பிடிக்காத எஃகு, எண்ணெய்க் கடாய்க்கு 65–70 டிகிரி ஓட்டம், தண்ணீர்க் கடினத்துக்கு ஏற்ப உப்பு அளவை மாற்றும் வசதி. இவை இருந்தால் எந்த கம்பெனியும் பரவாயில்லை. சர்வீஸ் ஆள் ராமநாதபுரத்திலேயே இருக்கிறாரா, மதுரையிலிருந்து வர வேண்டுமா என்பது கம்பெனிப் பெயரைவிட முக்கியம். வைஃபை, செல்போன் ஆப், இதெல்லாம் வேண்டாம். பாத்திரத்தை அடுக்க எப்படியும் மெஷின் அருகில்தான் நிற்கப் போகிறீர்கள், பிறகு செல்போனில் எதற்குப் பொத்தானை அழுத்துவது? கடைக்கு ஒரு அளவு டேப் கொண்டுபோங்கள். பலர் சேர்ந்து சாப்பிடும் பெரிய சகன் தட்டு எந்தக் கூடையிலும் நிற்காது, பிரியாணி தேக்சாவும் நுழையாது, அலுமினியம் போட்டால் கறுத்துவிடும். இவை கையால்தான். கூடுதல் வாரண்டி தலையில் கட்டுவார்கள். உப்புப் படிவும் துருவும் அதில் சேருமா என்று எழுத்தில் கேளுங்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும். மெஷினைக் கடல் காற்று அடிக்கும் கொல்லைப்புறத்தில் வைக்காமல் உள்ளே வையுங்கள். ஓட்டத்துக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் ஆகும், இரண்டு மாதத்துக்கு 70, 80 யூனிட் கூடும். உங்கள் மின் கணக்கு 500 யூனிட் அருகில் இருந்தால் கவனம், அதைத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் விலை ஏறும்.

கடைக்குப் போகும் முன் ஒரு வேலை. போர் தண்ணீரையும் காவிரித் தண்ணீரையும் தனித்தனி பாட்டிலில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்து, கடினத்தன்மை, குளோரைடு இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீரில் கரைந்திருப்பதை மொத்தமாகக் காட்டும் 200 ரூபாய் டிடிஎஸ் மீட்டர் இவற்றைப் பிரித்துச் சொல்லாது. குடிநீருக்கே வேறு வழியில்லாத இடத்தில் குளோரைடு லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் வரைதான் அனுமதி. போர் தண்ணீர் அதைத் தாண்டினால், தொட்டியும் பம்பும் மாட்டி முடித்த பிறகுதான் மெஷின் வீட்டுக்குள் வர வேண்டும்.